திலக்ஷன் அனுப்பிய படம்

அனுஷியா கடைக்குள் நுழைந்தபோது செபஸ்தியன் ஒரு கைக்குழந்தைக்கு வீசாப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும் என்பது தூதரகத்துச் சட்டம். குழந்தை அதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தது.

"மொழிபெயர்க்கிற அம்மா இருக்காங்களா?" என்றாள் வந்தவள். குடையிலிருந்து மழைநீர் சொட்டியது. முகம் அழுது வீங்கியிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தக் கடை இரண்டு பாதி. முன்பாதி செபஸ்தியனின் ஸ்டூடியோ. பலகைத் தடுப்புக்கு அப்பால் ருக்கியாவின் மேசை. முப்பது வருடமாகப் பிறப்புச் சான்றிதழ்களைச் சத்தியம் செய்து மொழிபெயர்த்துக் கொடுப்பவர். காகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் பொய் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகளில் பேச்சு. செபஸ்தியன் அவருக்கு உதவித் துப்பறிவாளர். யாரும் நியமிக்கவில்லை, தானாக ஏற்றுக்கொண்ட பதவி.

குழந்தையை ஒருவாறு படத்தில் அடக்கிவிட்டு அவரும் தடுப்புக்குள் போனார்.

"இரிங்க மகள். மொதல்ல இந்தப் பிளேன்டியக் குடிங்க. பொறகு செல்லுங்க," என்று கறுப்புத் தேநீரை நீட்டினார் ருக்கியா.

அனுஷியா சொன்னாள். கொட்டாஞ்சேனையில் தாய் மயிலம்மாவும் அவளும் தம்பி திலக்ஷனும்தான் குடும்பம். தம்பி செப்டெம்பர் எட்டாம் திகதி இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்பட்டான். இரண்டு வாரம் தினமும் வாட்ஸ்அப்பில் எழுதினான். ஒரு நாளும் அழைத்துப் பேசவில்லை. மூன்று நாளுக்கு முன் கடைசிச் செய்தி வந்தது: 'அக்கா, அம்மாவப் பாத்துக்க. இனி எழுத மாட்டேன்.' அதன்பின் போன் செத்துக் கிடக்கிறது.

"அம்மாவுக்கு இன்னும் காட்டலீங்க. காட்டினா தாங்க மாட்டாங்க."

"மிஸ், இது கொலைதான்!" என்றார் செபஸ்தியன். "கூட அறையில இருந்தவன் எவனோ..."

"செபஸ்தியன், அந்தப் புள்ள முன்னுக்கு இரிக்கி."

செபஸ்தியன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ருக்கியா போனை வாங்கிச் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார். 'பத்து நாளுக்குள் தபால் கந்தோரில் வதிவிட அட்டையைப் பெற்றுக்கொண்டேன்.' மறுநாள், 'வைத்தியரிடம் பதிந்தேன்.' அதற்கு மறுநாள், 'வங்கிக் கணக்குத் திறந்தேன்.' நடுவில் ஒரு படம். தடித்த ஜக்கெட், ரப்பர் கையுறை, வாயிலிருந்து புகையாக மூச்சு, காலடியில் வெள்ளைத் தரை. 'சரியான குளிர். பனி கொட்டுது. அம்மாட்ட காட்டு.'

"ஏஜென்சியில தந்த பேப்பர் ஏதும் இரிக்கா?"

அனுஷியா ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். 'சென்றிறங்கியதும் செய்ய வேண்டியவை' என்று தலைப்பு. ருக்கியா தாளையும் போனையும் அருகருகே வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"வீசா கிடைச்ச கடிதத்தக் கண்டீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் போன்ல இருக்குன்னான். எயார்போட்லயும், வேனுக்கு நேரமாகுது போங்க போங்கன்னு, அவன் உள்ள போறதுக்கு முந்தியே எங்கள அனுப்பிட்டான்."

ருக்கியா படத்தைச் செபஸ்தியனிடம் நீட்டினார். "இது ஒங்கட தொழில். பாருங்க."

செபஸ்தியன் படத்தைக் கணினியில் பெரிதாக்கினார். "கொம்பியூட்டர் வேலை இல்ல மிஸ். மூச்சு ஆவி உண்மை. ஆனா வெளிச்சம் வானத்தால வரேல்ல. ரெண்டு கண்ணுக்குள்ளயும் டியூப் லைட் தெரியுது. கூரைக்குக் கீழ நிண்டு எடுத்த படம்." இன்னும் பெரிதாக்கினார். "ஜக்கெட் கையில சின்னச் சின்ன வட்டமா, வெள்ளியா மின்னுது. பொம்பிளைப்பிள்ளையளின்ர சட்டை மாதிரி."

"என்ன மாதிரி வட்டம்?"

செபஸ்தியன் உற்றுப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. "மீன் செதில், மிஸ்."

ருக்கியா அனுஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள், ஒங்கட தம்பி இங்கிலாந்துக்குப் போகவே இல்ல."

அனுஷியா திரும்பித் திரையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"நிறைய மாணவர்ட பைல் இந்த மேசையால போன. தபால் கந்தோரில எடுக்கிற அந்த அட்டை போன வருசத்தோட நிண்டுட்டு. இப்ப எல்லாம் இன்டர்நெட்டிலதான். ஏஜென்சிக்காரன் பழைய தாளையே குடுத்துக்கொண்டிரிக்கிறான். போனவனுக்கு அட்டை இல்லண்டு தெரியும். போகாதவன்தான் தாளப் பாத்து, வரி மாறாம எழுதுவான். அடுத்தது பனி. செப்டெம்பர்ல அங்க பனி கொட்டாது. இங்கிலாந்தெண்டா எந்த நாளும் பனி எண்டு நினைக்கிறது கொழும்பு வெயில்ல வளந்த புள்ளைதான்."

"அப்ப, மூச்சுப் புகை?" என்றார் செபஸ்தியன்.

"குளிர் மெய்தானே. காலுக்குக் கீழ கிடக்கிறது நொறுக்கின ஐஸ். கொழும்புக்குக் கிட்ட, கூரைக்குக் கீழ, ஐசும் மீனும் அவ்வளவு எங்க இரிக்கி?"

"பேலியகொடை மீன் சந்தை," என்று சொல்லும்போதே செபஸ்தியன் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். "கடைசிச் செய்தி, மிஸ்..."

"அதுக்குத்தான் கெதியாப் போகோணும்."

மூவரும் போய்ச் சேர்ந்தபோது மீன் சந்தையில் பகல் வியாபாரம் ஓய்ந்து, தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியன் சிங்களத்தில் ஒவ்வொரு குளிரறையாக விசாரித்தார். ஐந்தாவது இடத்தில் ஒருவன் படத்தைப் பார்த்து, "நம்ம பியதாசவோட இருக்கிற மல்லி" என்று தம்பி முறை சொல்லிப் பின்பக்கத்தைக் காட்டினான்.

தகர அறை. பாயில் திலக்ஷன் சுருண்டு கிடந்தான். மீன் முள் கிழித்த கை பழுத்து வீங்கியிருந்தது. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பக்கத்தில் சந்தையில் பெட்டி சுமக்கும் ஒரு வயதான நாட்டாமை குந்தியிருந்து ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் பியதாச. களனி ஆற்றுப் பாலத்துச் சுவரில் ஏறி நின்றவனை இழுத்துக்கொண்டு வந்தது அவர்தான். மறுபடி போய்விடுவானோ என்று மூன்று நாளாக வேலைக்கே போகவில்லை. பையனின் சரியான பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அனுஷியா தம்பியின் மேல் விழுந்து அழுதாள். "ஏண்டா, எருமை! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

அவன் விட்டு விட்டுச் சொன்னான். ஆங்கிலச் சோதனை எழுதத் தேவையில்லை, சான்றிதழ் நான் எடுத்துத் தருகிறேன் என்றான் ஏஜென்சிக்காரன். இவனும் தலையாட்டினான். சான்றிதழ் பொய்யென்று தூதரகம் கண்டுபிடித்து, பத்து வருடத் தடையோடு மறுத்துவிட்டது. அதற்குள் தெருவெல்லாம் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டாள் தாய்.

"நானும் தெரிஞ்சுதான் செஞ்சேங்க. பொய்க்காரனா அம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

ருக்கியா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்.

"பொய்தான், மகன். அது பாவம். இல்லண்டு செல்ல மாட்டேன். அந்த ஏஜென்சித் தாளோட நாளைக்குப் பொலிசுக்குப் போவோம். ஒங்கட பங்கையும் நீங்களே செல்லோணும். ஆனா உசிரு அல்லாஹ் தந்த. அதத் திருப்பிக் கேக்க எந்தத் தூதரகத்துக்கும் உரிமை இல்ல."

செபஸ்தியனும் பியதாசவுமாகப் பையனைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு அந்த நேரமே போக வேண்டியிருந்தது.

காரில் ஏறியதும் அனுஷியா தாயை அழைத்துப் போனைத் தம்பியின் காதில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் போனை அகற்றவில்லை.

"அம்மா," என்றான். "நான் போகலம்மா. பேலியகொடையிலதான் இருந்தேன். பொய் சொல்லிட்டேன். இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம். அப்புறம் மயிலம்மாவின் குரல், காருக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"எந்த ஆஸ்பத்திரிப்பா? எத்தனாம் நம்பர் பஸ்ல வரணும்?"