இரவல் கம்ப்யூட்டர்

தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது, அதன் உள்ளே சின்ன ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் வயரோ சுருட்டியபடி அவன் கையில் இருந்தது.

வருகிற வழியில் காற்று அடித்திருக்கும் என்று மூத்தவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பகலெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து, வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்களுடையதையும் பார்த்து அலுத்துப்போய்த்தான், ஆபீசில் கழித்துப் போட்ட பாகங்களைப் பொறுக்கி, யார் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுக்க இந்த ஒன்றைக் கட்டிவைத்திருந்தாள். காசு கொடுத்து வாங்கியதென்றால் ஸ்க்ரூக்கள்தான்.

"எப்படிடா ஓடுது?"

"ஓடுதுக்கா. நிறுத்தத்தான் முடியல."

அவன் கண்கள் பஞ்சடைத்திருந்தன. பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினான். என்னவென்று கேட்டிருக்கலாம். அசதி. அன்றைக்கே சித்தி வந்து, வீட்டிலிருந்தே பாடம் எடுக்க வேண்டுமென்று அதை வாங்கிப் போனாள்.

அதன்பிறகு சித்தி போனையே எடுக்கவில்லை. விடுமுறை நாளின் மதியத்தில், கால் கெஞ்சக் கெஞ்ச மூத்தவள் சித்தி வீட்டு மாடிப்படி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. திரைச்சீலை இழுத்துவிட்ட கூடத்தில், சூடேறிய தூசியும் பூட்டிக்கிடந்த அறையின் புழுக்கமும் கலந்த வாடை. அதற்கடியில், தூங்குகிறவர் நெஞ்சிலிருந்து வருவதுபோல் ஏறி இறங்கும் மெல்லிய இரைச்சல்.

கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, சாப்டீங்களா?"

"சத்தம் போடாதடி. அது தடுமாறுது."

வயர் சுவரில் செருகப்படவே இல்லை. பெட்டியைத் தொட்டால் சுட்டது. மூத்தவள் மண்டியிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை இறக்கைகளுக்கு நடுவே நுழைத்தாள்.

நின்றது.

முதுகுக்குப் பின்னால் சித்தியின் மூச்சும் நின்றது.

திரும்பினாள். திறந்த வாய். நீலம் பாரிக்கும் உதடு. ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள். ஃபேன் சுற்றியது. சித்தியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா... இப்ப... நிறுத்தினியா?"

போனைக் காதோடு அழுத்தியபடி மூத்தவள் பெட்டிக்குள் குனிந்தாள். ஃபேன் முனகத் தொடங்கியிருந்தது. பேரிங் தேய்ந்தது என்று தெரிந்தேதான் மாட்டியிருந்தாள். இரவல் கொடுக்கத்தானே, இது போதும் என்று.

வேகம் குறைந்தது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

நிற்கப் போகிறது.

விரலால் தள்ளினாள். சித்தி மூச்சு விட்டாள். போனில் தம்பியும் விட்டான். தள்ளினாள். விட்டார்கள்.

"கொஞ்சம்... வேகமா... அக்கா."

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. தோள் மரத்தது. கண் செருகியது.

தள்ளினாள்.