பூதத்தின் வயிற்றில் அண்ணன்

அர்த்தநாரிக்கு நாடகத்தில் இரண்டு வேஷம். முதலில் மந்திரி, பிறகு பூதம். பழங்காலத்து ராஜாவைக் கொன்றது யார் என்பதுதான் கதை. கோட்டைப் பூதம்தான் கொன்றது என்று எல்லாரும் நடுங்குவார்கள். கடைசியில் காவலன் பூதத்தின் தோலை உரித்தால், உள்ளே மந்திரி! இந்த ரகசியம் வெளியே கசியக் கூடாது என்று சுவாமிநாதன் வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் தங்கை பொன்னாயி இருக்கிறாளே, ஆறு வயது வாயாடி. அண்ணன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவாள். பார்த்ததை நாமகிரிப்பேட்டை முழுக்கச் சொல்லியும் வைப்பாள். ஒத்திகைக்கும் கிளம்பிவிட்டாள். அர்த்தநாரி ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான். வீட்டு வைக்கோல்போருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பூதம் படுத்திருக்கிறது, வெளியே வரும் பிள்ளைகளை முழுங்கிவிடும் என்றான்.

அன்றிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. வைக்கோல்போரடியில் கட்டியிருந்த தன் ஆட்டுக்குட்டிக்குத் தழை போடக்கூடப் போகவில்லை. கதவிடுக்கில் பார்த்து அழுதாள். அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. நாடகம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

நாடகத்தன்று சாயங்காலம் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தபடியே வந்த பொன்னாயி, அவள் மடியில் இருந்தாள். ராஜா அன்வர் பாட்சா மேடையில் செத்துக் கிடந்தான். ஈ உட்கார்ந்தபோது மட்டும் மூக்கைச் சுளித்தான். மந்திரி புலம்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனான். அங்கிருந்து கரி பூசிய சாக்கும் ஆட்டுக்கொம்புமாகப் பூதம் வந்தது. சாக்கு நிறைய வைக்கோல்.

பொன்னாயி பார்த்தாள். அண்ணன் போன இடத்திலிருந்து பூதம் வருகிறது. வயிறோ பானை மாதிரி இருக்கிறது. இனிக் கேட்க வேண்டுமா?

பேய் ஓட்டப் பூசாரி விளக்குமாற்றால் அடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மேடையோரம் ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனாலும் அடி விழுந்தது.

“எங்கண்ணனைக் கக்கு. கக்குறியா இல்லியா?”

ஓர் அடி தவறிப் பட்டதில் செத்த ராஜா எழுந்து ஓடினான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. சாக்குக்குள் இருந்தவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாசல் தாண்டப் பயந்தவள், அவனைக் காப்பாற்றப் பூதத்தின் முன்னாலேயே வந்து நிற்கிறாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தச் சாக்குக்குள்ளேயே கிடந்துவிடலாம் போலிருந்தது.

கொம்பைக் கழற்றி, முகத்தை மூடியிருந்த சாக்கை விலக்கினான். மந்திரியின் வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

“பூதமே இல்ல சாமி. நீ எம் பொறகால வரக்கூடாதுன்னு நாந்தான் பொய் சொன்னேன்.”

சிரிப்பு அடங்கியது. பொன்னாயி அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

“ரொம்ப வலிக்குதாண்ணா?”

அவள் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. அர்த்தநாரி தலையைத் தொங்கப்போட்டான். வாத்தியார் கோபிக்கவில்லை, காவலன் பிடிப்பதற்கு முன்னால் பொன்னாயியே கொலைகாரனைப் பிடித்துவிட்டாள் என்றார்.

மறுநாள் காலையில் கை நிறையத் தழையோடு தங்கையை வைக்கோல்போருக்குக் கூப்பிட்டான். அவள் தயங்கினாள். பிறகு உள்ளே ஓடி, வீட்டு விளக்குமாற்றை எடுத்துவந்து முன்னால் நடந்தாள்.

“பயமா இருந்தா எம் பொறகால வாண்ணா.”

அர்த்தநாரி ஆட்டுக்குட்டி வரைக்கும் அவள் பின்னாலேயே போனான்.