காலி வீடுகளில் ஒரு கை

காலி வீட்டில் விளக்கைப் போட்டது யார் என்ற கேள்வியில்தான் ஃபைலம்மாவின் அன்றைய சாயங்காலம் கெட்டது. வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கணினியில் தனித்தனியாக ஃபோல்டர் வைத்து, அவருக்குக் காட்ட வேண்டிய வீடுகளின் வீடியோக்களைச் சேர்ப்பது அவள் வேலை. ஃபைலம்மா என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். வீடியோ எடுப்பவன் அலுவலகக் காரை ஓட்டும் அவள் கணவன். ஒரு கையில் போன், மறு கையில் குலுங்கும் சாவிக்கொத்து. அப்படியிருக்க, அன்று வந்த ஒரு வீடியோவில் அவன் இருட்டறைக்குள் நுழையும்போது டிக்கென்று சுவிட்ச் விழுந்தது.

வீடியோவைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். கதவோரம் ஒரு பெண்ணின் கை. நீண்டு வெளுத்த, வேலையே அறியாத விரல்கள். பாத்திரம் தேய்த்து நகம் மழுங்கிய தன் கையைப் பார்த்துக்கொண்டாள். 

"பார்த்து வாங்க, படி இருக்கு" என்றது வீடியோவில் கணவன் குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அந்தக் குரல் வந்ததே இல்லை. சோறு போடு, சாவி எங்கே; அதோடு சரி. உடனே அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த வீட்டுக்கு யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"யாரையுமில்லையே. நான் மட்டும்தான் போனேன்."

"அப்ப யாரைக் கொஞ்சுனீங்க?"

"பாக்கிறவங்க கூடவே நடக்கிற மாதிரி பேசச் சொன்னதே முதலாளிதான். உனக்கென்ன கிறுக்கா? வை, வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன்."

யார் காதில் பூ சுற்றுகிறான்? அந்த வீடியோவை ஒரே தட்டில் அழித்தாள். கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

அடுத்த வீட்டின் வீடியோ, காலையில் அவளே பார்த்துப் பெயரிட்டுச் சேர்த்தது. அப்போது அதில் எந்தக் கையும் இல்லை. இப்போது அதே சமையலறைக் கதவை அதே கை திறந்துவிட்டது. சக்களத்தி இங்கேயும் வந்துவிட்டாளா! அதையும் அழித்தாள். அதற்கடுத்த மாடி வீட்டில், கைப்பிடிச் சுவரில் சாவிக்கொத்தோடு ஊன்றிய அவன் கையையொட்டி அந்தக் கை. அழித்தாள். எல்லோரும் கிளம்பிப்போன அலுவலகத்தில் மின்விசிறி கறகறத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ, நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்க வாடை மெதுவாக வந்து மேஜையைச் சுற்றியது. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஒவ்வொரு வீடாக அழிக்க அழிக்க, மிச்சமிருக்கும் வீட்டில் அந்தக் கை இன்னும் உரிமையோடு முன்னால் வந்தது. ஒரு வீட்டு நிலைக்கண்ணாடியில் தெரிந்த அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தது. கடைசி வீட்டுக் கண்ணாடியில் அவன் தோளில் படுத்திருந்தது.

அதுவும் போயிற்று. ஃபோல்டர்கள் எல்லாம் துடைத்தாற்போல் இருந்தன. நாளைக்கு முதலாளி வேலையை விட்டுத் தூக்கட்டும். கணவன் அவளுக்கு வேண்டும்.

"இனிமே எந்த வீட்டுக்குப் போவேன்னு பாக்குறேன்டி" என்றாள், வெறுந்திரையைப் பார்த்து.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றப் போனவள் நின்றாள். உள்ளே அதே புழுக்க வாடை.

கூடத்தில் விளக்கில்லை. டிவி வெளிச்சம் மட்டும். கணவன் முதுகைக் காட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் தோளில் ஒரு கை. அவன் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? கோபம் போச்சா?"

நாற்காலிக்குப் பின்னால் யாருமில்லை.

கை படுக்கையறை இருட்டிலிருந்து வந்திருந்தது. கூடம் முழுக்க நீண்டிருந்தது. ஒரு முழங்கை. இன்னொரு முழங்கை. மூன்றாவது, நிலைப்படியில்.

கத்த வாயெடுத்தாள்.  அந்தப் பயத்திலும் முதலில் எழுந்தது பொறாமைதான். என் கையை ஒருநாளாவது இப்படிப் பிடித்தானா?

அவன் திரும்பவில்லை. உள்ளங்கையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டான். முத்தமிட்டான்.

விரல்கள் மடங்கின. மெல்ல. கண். மூக்கு. வாய். ஒவ்வொன்றாக மூடின.

அந்தப் பிடிக்குள்ளே அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.