மூடிய ஆலையின் புட்டி

வாருங்கள், நியாயம் கேட்கும் நெஞ்சுடையோரே! கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில், ஒரு மாடி வீட்டுக்குள் வாருங்கள். அங்கே ஓர் அநீதி கண்ணாடிக் கோப்பையில் ஊற்றப்படுகிறது. சாட்சியாக நில்லுங்கள்.

1998, சித்திரை மாதம். புயல் மேகம் கவிந்து பிற்பகலே இருண்டிருந்தது, மின்சாரமும் இல்லை. ஹவுராவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையொன்றின் மேலாளர் நடராஜன், மெழுகுவத்தி வெளிச்சத்தில் புட்டியைத் திறந்தார். ஸ்காட்லாந்தில் என்றோ மூடப்பட்ட ஆலையின் சிங்கிள் மால்ட் விஸ்கி. மிஞ்சிய ஒற்றைப் பீப்பாயை வேறொரு வணிகர் வாங்கிப் புட்டியில் அடைத்த சரக்கு. முதலாளியின் அன்பளிப்பு. கைம்மாறாக, மறுநாள் விசாரணையில் நடராஜன் ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: வெல்டர் இராஜமாணிக்கம் குடித்துவிட்டுக் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தான்.

சுவைக்க வந்தவர் பக்கத்து வீட்டு ராஜ்மோகன். தேயிலை ஏல நிறுவனத்தில் தேநீர் சுவைத்துத் தரம் பிரிப்பவர். மூக்கும் நாக்குமே அவர் பிழைப்பு.

"என்ன சார், ஆலை செத்துப்போச்சு, சரக்கு மட்டும் உயிரோட இருக்கா? ஊத்துங்க, ஊத்துங்க!"

கண்களை மூடி முகர்ந்தார். "தேன்... பேரிக்காய்... லேசா புகை. அடடா! ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. ஒளிஞ்சிருக்கிறதும் வெளிய வரும்."

நடராஜன் தண்ணீரைச் சொட்டினார்.

வந்தது.

"மெஷின் ஆயில். கங்கைச் சேறு. கருகின இரும்பு."

நடராஜன் புட்டியைத் தள்ளி வைத்தார்.

"நனைஞ்ச துண்டு... வெத்தலை..." ராஜ்மோகனின் குரல் தாழ்ந்தது. "சார், இது ஒரு ஆளோட வாடை."

சாளரங்கள் அடைத்திருந்தன. சுடர் மட்டும், யாரோ அருகில் மூச்சு விட்டதைப் போலச் சாய்ந்தது.

ராஜ்மோகன் ஒரு வாய் உறிஞ்சினார், உடனே துப்பினார்.

"அடியில பங்ளா. மட்டமான நாட்டுச் சாராயம். ஆனா உள்ள இறங்கல சார். உதட்டுலயே நிக்குது. முழுங்காதவன் வாயில ஊத்தின மாதிரி."

கதவருகே நின்ற நடராஜனின் மனைவி ஷியாமளா மெல்லக் கேட்டாள்: "ஏங்க, இராஜமாணிக்கம் பூஜைக்கு வந்தப்பகூட சர்பத்துதானே குடிச்சார்? யாருங்க ஊத்தினது?"

நடராஜன் நிமிரவில்லை. விஷவாயு இருக்கிறதா என்று பாராமல் இராஜமாணிக்கத்தைத் தொட்டிக்குள் இறக்கியவர் அவர். பிணத்தின் விறைத்த தாடையைப் பிளந்து சாராயத்தைக் கவிழ்த்தவரும் அவரே. வெட்கம் அவர் முகத்தைச் சுட்டது; வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விசாரணை அறையில்தான் திறந்தது.

"அவன் குடிச்சிருந்தான்."

அச்சொல்லோடு அவர் வாயிலிருந்து பங்ளா நாற்றம் எழுந்தது. பிறகு கங்கைச் சேறு. பிறகு வெற்றிலை.

அதிகாரி மூக்கைப் பொத்தினார். இராஜமாணிக்கத்தின் மனைவி நீலாவதி மட்டும் கணவனின் வெற்றிலை வாடையை அடையாளம் கண்டு தலை நிமிர்ந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

நடராஜன் எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் அந்த வாடை இன்றுவரை போகவில்லை.

தோழர்களே! இனி எந்த உழைப்பாளியின் பிணத்தருகில் நின்று எவன் 'குடித்திருந்தான்' என்று சொன்னாலும், தலைகுனிந்து கலைந்து போகாதீர்கள். சொன்னவனின் வாயருகே சென்று முகருங்கள். முகர்ந்துவிட்டு, ஊரே அதிரக் கேளுங்கள்:

ஊற்றியது யார்?