மயில் அணியின் ஒன்பது கைகள்

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற பாதையில், மலைச்சரிவை ஒட்டினாற்போல் மேமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இருந்தது. 1979ஆம் ஆண்டு அங்கே மாணவர் பாராளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மயில் அணியும் மான் அணியும் போட்டியிட்டன. இருந்த ஒன்பது ஆசனங்களையும் மயில் அணியே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

கொழும்புப் பாராளுமன்றத்திலும் இப்போது இப்படித்தான், ஆறில் ஐந்து பங்கு ஒரே கட்சியிடம் இருக்கிறது என்றார் தலைமை ஆசிரியர் வீரய்யா. அது நல்லதா கெட்டதா என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஸவாஹிராவுக்கு நல்லதாகத்தான் பட்டது. அவள் சந்தியில் தையல் கடை வைத்திருந்த புஹாரியின் மகள், ஆறாம் வகுப்பு. மயில் அணியின் செயலாளர் அவள்தான். கூட்டத்தில் நடப்பதையெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை.

போன வருஷம் இரண்டு அணிக்கும் ஏறக்குறையச் சமமான பலம். ஒரு பந்து வாங்குவதற்கு ஒரு பள்ளித் தவணை முழுக்கச் சண்டை போட்டார்கள். பந்து வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று.

இந்த வருஷம் அப்படி இல்லை. பிரதமரான எட்டாம் வகுப்புக் கந்தப்பன் எழுந்து ஒன்றைச் சொல்வான். ஒன்பது கைகளும் உயரும். வேலை நடக்கும். ஒழுகிய தண்ணீர்க் குழாய் இரண்டே நாளில் சரியாயிற்று. நூலகப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று. முதலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரப் புதுச் சாக்குகள் வந்தன.

அடுத்து விளையாட்டுத் திடலைப் பெரிதாக்கலாம் என்றான் கந்தப்பன். மலையடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கு இரண்டு கான்கள் வெட்டியிருந்தார்கள். மேல் கானை மண் போட்டு மூடினால் இடம் கிடைக்கும்.

அப்புறம் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி ஸவாஹிராவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். எட்டுக் கைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. தன் கையையும் உயர்த்தினாள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினாள்.

யாருமே எதிர்க்கவில்லையா என்று வீரய்யா சார் கேட்டபோது, புத்தகத்தை நீட்டினாள். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு சனிக்கிழமை சிரமதானத்தில் கான் இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

ஐப்பசி மழை தொடங்கியது. பட்டப்பகலில் மூடுபனி இறங்கி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து நின்றது. முன்னால் இருப்பவளின் பின்னல்கூடச் சில நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் மணி தானாக அடிக்கத் தொடங்கியது.

வாசல் கூரையில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் பள்ளிக்கூடத்து மணி. காற்றும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. ஆனால் அது 'ணிங்' என்று மெல்ல ஒரு தடவை ஒலிக்கும். பிறகு அடங்கிவிடும். முதல் தடவை கேட்டபோது ஸவாஹிராவின் முதுகு சில்லிட்டது. மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் தலையைத் தூக்கவில்லை. எல்லாரும் அளவுக்கு மீறி அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, கேட்காத மாதிரி இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மணியைவிட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளியும் மூடவில்லை. சாயங்காலங்களில் மலைச்சரிவில் காதைத் துளைக்கிற தவளைச் சத்தம் ஒரே நாளில் நின்றுபோயிற்று.

வெள்ளிக்கிழமை பகல் பாராளுமன்றம் கூடியது. மயில் அணியின் ஒன்பது பேரும் ஒரே பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கட்சி உட்காருகிற எதிர்ப்பக்க நீளப் பலகை வாங்கு வெறுமையாகக் கிடந்தது. பனி அதன்மேல் வந்து படிந்தபோது, யாரோ வெள்ளையாக உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"மற்றக் கானையும் மூடிட்டா, வலைப்பந்து விளையாடவும் இடம் கிடைக்கும்," என்று தொடங்கினான் கந்தப்பன்.

அவன் சொல்லி முடிக்கும் முன்பே கைகள் எழுந்துவிட்டன. சத்தமே இல்லை. யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை, யோசனையும் இல்லை. கைகள் மட்டும் பனிக்குள் நட்டு வைத்தவைபோல் நின்றன. தன் கையும் மேலே போய்க்கொண்டிருப்பதை ஸவாஹிரா கண்டாள். அதை யார் தூக்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே மணி 'ணிங்' என்றது. யாரும் திரும்பவில்லை.

ஸவாஹிரா கையை இறக்கினாள். குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். ஈரமான அந்த எதிர் வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

"நான் எதிர்க்கிறேன்," என்றாள்.

கந்தப்பன் அவளையே பார்த்தான். "நீ மான் அணிக்குப் போயிட்டியா?"

"இல்லைங்கண்ணே. நான் மயில்தான். ஆனா இந்தப் பக்கம் இருந்து கேக்க ஒருத்தரும் இல்லையே. அதுதான் வந்தேன். இப்ப மணி அடிச்சிச்சு. யாருக்குக் கேட்டிச்சு?"

அவள் காத்திருந்தாள். கடைசியில் ஏழாம் வகுப்பு ஜாபிர், மூன்று நாளாகவே கேட்பதாக முணுமுணுத்தான். சொன்னால் நம் ஆட்சியில் பேய் வந்துவிட்டதென்று மான் அணி சிரிக்குமே என்று பேசாமல் இருந்தானாம்.

ஒருவன் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். மேசையில் வைத்த சுண்ணாம்புக் கட்டி தினமும் ஒரே பக்கமாக உருள்கிறது என்றான் ஒருவன். ஊற்றுத் தண்ணீர் ப்ளேன்டீ மாதிரிச் சிவந்துவிட்டது என்றாள் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வரும் இராக்கம்மா. சுவருக்குள் யாரோ மண்ணைக் கொறிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. அணிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதென்று எல்லாரும் அதை விழுங்கியிருந்தார்கள்.

கந்தப்பன் மட்டும் தலை குனிந்து நின்றான்.

"நீங்க என்ன பார்த்தீங்கண்ணே?" என்று கேட்டாள் ஸவாஹிரா.

"மேல சரிவுல ஒரு வெடிப்பு," என்றான் மெதுவாக. "முந்தாநாள் என் கால் நுழையிற அளவு இருந்திச்சு. நேத்துத் தாண்டித்தான் போனேன். யாரும் பார்க்கக்கூடாதுன்னு இலை போட்டு மூடிட்டேன்."

மூடிய கானின் தண்ணீர் எங்கே போனது என்று இப்போது ஒன்பது பேருக்கும் புரிந்தது. அது மலைக்குள் போயிருந்தது. பேய் எதுவும் வரவில்லை. மலைதான் பள்ளிக்கூடத்தையும் அசைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஸவாஹிரா ஓடிப்போய் வீரய்யா சாரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சரிவை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளை உடனே வெளியேற்றச் சொன்னார்.

அப்புறம் மயில் அணி பழைய வேகத்தில் வேலை செய்தது. கந்தப்பன் ஒரே வார்த்தைதான் சொன்னான். ஆளுக்கொரு வகுப்புக்கு ஓடினார்கள். விவாதம் இல்லை, கேள்வி இல்லை. நூற்றிருபது பிள்ளைகளும் வரிசையாகப் பாதைக்கு வந்து, தோட்டத்துத் தேயிலை ஸ்டோரை நோக்கி நடந்தார்கள். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் முதுகில் சுமந்தார்கள். புதுச் சாக்கை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒருவனை ஜாபிர் சாக்கோடு தூக்கி வந்தான்.

அவர்கள் ஸ்டோரை அடைந்து கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது போல இருந்தது. நின்ற பிறகு எங்கும் ஒரே நிசப்தம். பனி விலகியபோது பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சிவப்பு மண்மேடு ஒன்றுதான் தெரிந்தது.

வீரய்யா சார் பிள்ளைகளை மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் நூற்றிருபது.

தை மாதம், தொழிலாளர்கள் முன்பு காலையில் வேலைக்குக் கூடிய பழைய பெரட்டுக் களத்துக் கொட்டகையில் பள்ளிக்கூடம் மறுபடி நடந்தது. இன்னொரு தேர்தலும் வந்தது. மயில் அணிக்கு ஐந்து, மான் அணிக்கு நான்கு. கந்தப்பனே மறுபடி பிரதமர். முதல் கூட்டத்திலேயே, இனி யாராவது ஒருவர் எதிர்த்துப் பேசிய பிறகுதான் கை தூக்க வேண்டும் என்று அவன் ஒரு விதி கொண்டுவந்தான். அந்த விதியையே மான் அணி அரைமணி நேரம் எதிர்த்துப் பேசியது.

அதற்குப் பிறகு, கொட்டகைக்குப் பக்கத்தில் பலா மரம் நடுவதா கொய்யா மரம் நடுவதா என்ற பேச்சு எழுந்தது. பலா பழுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று ஒருவன் கேட்க, கொய்யாவை வௌவால் விட்டு வைக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள். ஸவாஹிரா எழுதி எழுதி நான்கு பக்கங்கள் தீர்ந்தன. விரல் வலித்தது, வயிறு பசித்தது. கூட்டம் முடிவதாகத் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே ஐந்தாவது பக்கத்தைத் திருப்பினாள்.