இருசம்மாளின் கை

அரிசி டின்னுக்குள் எலி விழுந்துவிட்டது என்றுதான் முனியாயி முதலில் நினைத்தாள். விடிவதற்கு முன்னால், பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற அவசரத்தில், அடுப்படி இருட்டில் நறநறவென்று ஒரு சத்தம். காய்ந்த பாக்கைக் கடைவாயில் வைத்து யாரோ பொறுமையாக அரைப்பதுபோல. மூடியைத் திறந்தாள். பங்கீட்டு அரிசி அடியில் இரண்டு பிடி கிடந்தது, எலி இல்லை. மூடிவிட்டு, ரப்பர்பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சத்தமும் வாசலுக்கு வந்தது.

அது தன் வலது இடுப்புக்குள்ளிருந்து வருகிறது என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். சோறு உள்ளே போனால் சத்தம் நின்றது. வயிறு காய்ந்தால் ஆரம்பித்தது.

வலி அந்தச் சத்தத்துக்கு இரண்டு வருஷம் மூத்தது. தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு உள்பக்கம் ஓர் இடம். முதலில் மாதாமாதம் விலக்கு நாட்களில் மட்டும் வந்து போயிற்று; பிறகு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்த சொந்தக்காரன் பாயை விரித்துப் படுத்துவிட்டதுபோல் அங்கேயே தங்கிவிட்டது. மரத்தடியில் குனிந்து மங்குக் கிண்ணத்திலிருந்து பாலை ஊற்றினால் குத்தும், நிமிர்ந்தால் இழுக்கும். லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பெருங்காயம் என்றார்கள், வெந்தயம் என்றார்கள், விளக்கெண்ணெய் என்றார்கள். ஒன்றும் கேட்காதபோது, பிள்ளை பெறாத வயிறு அப்படித்தான் புலம்பும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போனார்கள்.

தோட்டத்து டிரசர் அருளம்பலத்திடம் மொத்தம் இரண்டு மருந்து. இடுப்புக்கு மேலே வந்த நோய்க்குச் சிவப்புத் தண்ணீர், கீழே வந்ததற்கு வெள்ளைத் தண்ணீர். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அவர் சீட்டு எழுதித் தர வேண்டும். இரண்டு வருஷமாக அவள் சீட்டுக் கேட்டாள். அவர் வெள்ளைத் தண்ணீர் கொடுத்தார். சத்தம் வந்த பிறகு ஒருநாள் காலையில் சாப்பிடாமல் போய் நின்றாள். சலித்துக்கொண்டே குழாயைக் காதில் மாட்டி, மறுமுனையை அவள் வயிற்றில் வைத்தார். எடுத்தார். குழாயை உதறினார். மறுபடி வைத்தார். அவர் மீசைக்கு மேலே வியர்வை முத்து முத்தாகக் கிளம்புவதை அவள் படுத்தபடியே பார்த்தாள்.

"வாயுதான் பிள்ளை. உந்த வயசில எல்லாருக்கும் இருக்கிறதுதானே," என்றார்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கிற மனிதர், அன்றைக்கு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். அதற்குப் பிறகு அவளை உள்ளே விடவில்லை. மருந்துப் புட்டி ஜன்னல் வழியாக வந்தது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி பிடிக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாதென்று சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சர்க்கார் முள்கம்பி போட்டிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நின்று உடம்பைக் காட்ட வேண்டும். ஆண்களைப் போலீஸ்காரன் தடவுவான். பெண்களைத் தடவ இருசம்மாள் இருந்தாள்.

இருசம்மாள் ஒரு காலத்தில் உம்பாய்ச் சந்தையில் மீன் விற்றவள். கட்டைவிரலால் வயிற்றை அமுக்கி, இது இன்றைய மீனா முந்தாநாள் மீனா என்று சொல்லிவிடுவாள் என்று பேர். அந்தக் கை இப்போது மனுஷிகளின் மேல் ஓடியது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தச் சலசலப்பு வரிசையில் நெருங்க நெருங்க, எதையும் ஒளிக்காதவளும் மடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வாள். முனியாயியின் வலது இடுப்பில் அந்தக் கை முதன்முதலாக நின்ற அன்றைக்கு, இருசம்மாள் கண்ணைச் சுருக்கினாள்.

"என்னாடி இது?"

"வலிதாங்கா."

"வலி உருண்டையாவா இருக்கும்? நான் என்ன நேத்து பொறந்தவளா?"

மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சேலையை அவிழ்த்துப் பார்த்தாள். துணி இல்லை, முடிச்சு இல்லை, வெறும் தோல். நம்பவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் தொட்டாள். எலுமிச்சை அளவு என்றாள். ஒரு வாரம் கழித்து வாத்து முட்டை என்றாள். அதற்கடுத்த வாரம் அளவு சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தோட்டம் முழுக்க வெறுத்த அந்த ஒருத்தி மட்டும்தான் முனியாயியின் வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று நம்பினாள். அவள் புருஷன் கந்தசாமிகூட நம்பவில்லை. பாவம், தலையை மட்டும் ஆட்டுவான்.

இருசம்மாள் போலீசில் எழுதிவைத்தாள்: இந்தப் பெண் உடம்புக்குள் எதையோ கடத்துகிறாள். இரண்டு வருஷம் கெஞ்சிக் கிடைக்காதது ஒரே நாளில் கிடைத்தது. போலீஸ் லாரியே வந்து முனியாயியை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று, துப்பாக்கிக் காவலோடு.

சில்லென்ற மேசையில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஏதோ சொல்ல, யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னாள்.

"சூல்பையில ஒரு கட்டி. சில பேருக்கு இப்பிடி வாறது. உள்ளுக்க மயிர் இருக்கும், பல்லும் இருக்கும். பிள்ளையுமில்லை, பேயுமில்லை. வெட்டி எடுத்தாச் சரி."

முனியாயி படத்தைப் பார்த்தாள். சாம்பல் புகைக்குள் தன் இடுப்பெலும்பு. அதன் மடியில், மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு வெள்ளைப் புள்ளிகள். பேர் தெரிந்துவிட்டது. வெட்டினால் போய்விடும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது.

"மிஸ்ஸி, அந்தப் பல்லு சத்தம் போடுமா?"

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் நின்றார். முதல் படத்தில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் விலகி இருந்தன. இரண்டாவதில் ஒன்றையொன்று கடித்து நின்றன.

நீ அசைந்திருப்பாய் என்றார் டாக்டர். திங்கட்கிழமை வந்து படு, செவ்வாய்க்கிழமை வெட்டு என்று சீட்டு எழுதினார். கூட வந்த மலாய்ப் போலீஸ்காரன் படத்தை எட்டிப் பார்த்து, "பெராஸ் தாடா," என்றான். அரிசி இல்லை. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை தோட்டத்து லாரியை யாரோ காட்டோரத்தில் சுட்டார்கள். சுட்டவனுக்குச் சோறு போட்டது யாரென்று சொல்லும்வரை கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஊரடங்கு. தண்ணீர் பிடிக்கவும் பங்கீடு வாங்கவும் இரண்டு மணி நேரம். அரிசி பாதி.

திங்கட்கிழமை கந்தசாமி ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றான். உத்தரவு வரட்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் நின்றான். புதன்கிழமை அந்தச் சீட்டு மழையில் நனைந்து மை கரைந்துவிட்டது.

தன் சோற்றையும் அவள் தட்டில் தள்ளினான். அவள் மென்று விழுங்குகிற நேரம் மட்டும் அது சும்மா இருந்தது. தட்டு காலியானதும் ஆரம்பித்தது. பாதி அரிசி கால் வேளைக்குக் காணவில்லை. அவள் கைகள் ஈர்க்குச்சியாயின, கன்னம் ஒட்டியது, வலது இடுப்பு மட்டும் புடைத்து வந்தது. கந்தசாமி தூரத்துச் சுவரோரம் பாயைப் போட்டுக்கொண்டான். அவன் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தான்.

எட்டாம் நாள் உச்சிவெயில். ஒளித்த அரிசியைத் தேடி வீடு வீடாகச் சோதனை. ஆண்களைத் திடலில் உட்காரவைத்தார்கள். லயத்தில் கோழி இல்லை, தின்றாயிற்று. பிள்ளைகளுக்கு அழத் தெம்பில்லை. தகரக் கூரை வெயிலில் படபடத்து ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில் வளையல் சத்தம் வந்தது. பக்கத்து வீடு. அடுத்து, இந்த வாசல்.

இருசம்மாள் படியில் நின்று காதைச் சாய்த்தாள்.

"வாயில என்னாடி?"

முனியாயி வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு மட்டும் இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

இருசம்மாள் டின்னைத் திறக்கவில்லை, பாயை உதறவில்லை. மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் போலீஸ்தனம் எதுவும் இல்லை.

"நான் எழுதிவச்சதாலதான் இப்புடியா, தங்கச்சி?" என்றாள். கை நீண்டது. சோதிக்கிற கை இல்லை, தடவிக்கொடுக்கிற கை.

முனியாயி பின்னால் நகரப் பார்த்தாள். முதுகில் சுவர்.

"வேணாங்கா. இன்னிக்கு ஒண்ணும் சாப்புடல."

கை வயிற்றில் பட்டது.

சத்தம் நின்றது.

இருசம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி பார்த்தாள். மற்றக் கையை முனியாயியின் தோளில் ஊன்றித் தள்ளினாள். அவள் வாய் திறந்திருந்தது. கத்தவில்லை. கண் மட்டும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முனியாயிக்கு வலி இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்த இடத்தில் வெதுவெதுப்பு. அது போதும் என்று உடம்பு சொன்னது. அவள் வெட்கத்தோடு குனிந்து பார்த்தாள்.

ஒரு சொட்டு ரத்தமில்லை. தோல் கிழியவில்லை. மணிக்கட்டோடு கை தெரியவில்லை; அது இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் வயிற்றின் மேல் வட்டமாக, தட்டையாகப் படிந்திருந்தன. பிறகு உள்ளே, பொறுமையாக, நறநறவென்று. முதல் வளையல் உடைந்தது.