மிச்சம் வைத்த பாதி

செவ்வாய்க் கோளின் செந்நகர் மருத்துவமனைக்குக் காலையிலேயே ஒரு புகார் வந்தது. வந்த இடம், வேலாயுதத்தின் பெருங்குடல்.

"டாக்டர், உள்ளே ஒரே சகதி. சுவரே தெரியல. என்னை வெளியே எடுங்க!" என்றது குடலூர்தி. புளியங்கொட்டை அளவு வண்டி அது; விளக்கு, கத்தி, வாய் மூன்றும் உண்டு. குடலைச் சோதிக்க நம் காலத்தில் உள்ளே விடும் நீளக் குழாயை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால், வண்டிதான் நவீனம். அது போகும் பாதையைக் கழுவ அன்றைக்கும் அதே பேதி மருந்துதான், பாட்டில் பாட்டிலாக!

டாக்டர் ரஹீமாவுக்குக் கவலையாகிவிட்டது. வேலாயுதத்தின் அண்ணன் குடல் புற்றில் போனவர். இவருக்கும் உள்ளே ஏதோ முளைத்திருப்பதாக இரத்தச் சோதனை சொல்லியிருந்தது. சின்னதாக இருக்கும்போதே அதை வெட்டியாக வேண்டும்.

"மருந்தை முழுசாக் குடிச்சீங்களா?"

"குடிச்சேனே."

"வாய் கூசாமப் பொய் சொல்றீங்களே!" என்று பொரிந்தாள் மனைவி தங்கபுஷ்பம். "பாதி மருந்து ஃபிரிட்ஜில இருக்கு டாக்டர்."

வேலாயுதம் நெளிந்தார். "ராத்திரி குடிச்சதுக்கே எல்லாம் போயிருச்சு. காலைல குடிக்க வேண்டியதை இவளுக்குன்னு எடுத்து வச்சேன். அடுத்த வாரம் இவளுக்கும் சோதனை இருக்குல்ல? இங்க தண்ணி என்ன சும்மாவா கிடைக்குது?"

ரஹீமாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நீங்க தூங்கினாலும் குடல் தூங்காது ஐயா. ராத்திரி முழுக்கப் பித்தநீர் மேலேருந்து இறங்கிட்டே இருக்கும். அதைக் கழுவத்தான் காலைப் பாதி. அப்புறம், நீங்க குடிக்கிற தண்ணி வீணாப் போகாது. சுத்தமாகித் திரும்ப நம்ம குழாய்லதான் வரும்."

"அதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் வேலாயுதம்.

மறுமுறை தங்கபுஷ்பம் பக்கத்திலேயே நின்று, கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தாள். "ஆகா, பளபளன்னு இருக்கு!" என்று உள்ளிருந்து குதூகலித்தது குடலூர்தி. வளைவொன்றில் மிளகளவு முளை இருந்தது. இன்னும் புற்றாகவில்லை. கத்தி அதை அங்கேயே எடுத்துவிட்டது. தங்கபுஷ்பம் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள். வேலாயுதத்துக்கு அகோரப் பசி.

அடுத்த வாரம் அவள் முறை. ஊர்தி உள்ளே போனது.

"டாக்டர்... மறுபடியும் சகதி."

ரஹீமா நிமிர்ந்து பார்த்தார். கோள் விட்டுக் கோள் வந்து குடியேறிய தங்கபுஷ்பம், பள்ளிப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாதியை எடுத்து வச்சிருக்கேன் டாக்டர். இவருக்கு மறுபடி எப்பவாவது வேணும்னா?"